வாய்ப் புற்றுநோய் பயமும் எச்.பி.வி. பயமும்: நான் மீண்டு வந்த விதம்

இதை வாசிக்கிற உங்களில் சிலர் சற்று முன்புதான் கண்ணாடி முன் நின்று, நாக்கை வெளியே இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். உங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வாய்ப் புற்றுநோய் வந்துவிட்டதோ, எச்.பி.வி. என்ற வைரஸால் தொண்டையில் புற்றுநோய் வருமோ என்ற பயத்திலேயே ஒரு வருடத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். எனக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் டாக்டர் அப்படிச் சொன்ன பிறகும் பயம் என்னை விடவில்லை. புண்ணுக்கு ஒரு வைத்தியம், பயத்துக்கு வேறொரு வைத்தியம் என்று இரண்டும் தனித்தனியாகத் தேவைப்பட்டன. முதலாவதைப் பற்றி எங்கும் வாசிக்கலாம். இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல்லை ஒட்டி ஒரு புண். வழக்கமாக ஒரு வாரத்தில் ஆறிவிடுகிற மாதிரி இதுவும் ஆறும் என்றிருந்தேன். ஆறவில்லை. போனை எடுத்துத் தேடினேன். நாக்கின் பக்கவாட்டு ஓரம் வாய்ப் புற்றுநோய் அதிகம் வருகிற இடங்களில் ஒன்று என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அது உண்மையும்கூட. வயிற்றில் புளியைக் கரைத்தது. எனக்குப் புகையிலை, பாக்கு, மது எதுவும் பழக்கமில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அன்று தூங்கினேன்.

அடுத்த நாளிலிருந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. பேப்பர் நாப்கினால் நாக்கு நுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுப்பேன். இன்னொரு கையில் போன். வெளிச்சம் பட்டு எச்சில் மினுங்கும், படம் கலங்கலாக வரும், மறுபடி எடுப்பேன். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பகல் வெளிச்சத்தில் எடுத்ததும் குளியலறை விளக்கில் எடுத்ததும் ஒரே நிறத்தில் வராது. எனக்கோ நிறம் மாறிய ஒவ்வொரு படமும் நோய் முற்றுவதற்கான அடையாளமாகத் தெரிந்தது.

வாய்க்குள் தேடினால் ஏதாவது கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். பிறந்ததிலிருந்து நம்மோடு இருப்பவை எல்லாம் அன்றுதான் முளைத்தவை போலத் தோன்றும். நாக்கின் பின்பகுதியில், ஆங்கில 'வி' எழுத்தைக் கவிழ்த்தது போல வரிசையாகச் சில பெரிய மொட்டுகள் இருக்கும். 8 முதல் 12 வரை, எல்லோருக்கும் உண்டு. நாக்கின் இரு பின் ஓரங்களிலும் செங்குத்தான சிவந்த மடிப்புகள் உண்டு. அதையொட்டி டான்சில் போன்ற திசுவும் இருப்பதால் சளி பிடித்தாலோ பல் உரசினாலோ அவை வீங்கும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் தொங்குகிற சின்ன சதைமுனை, உமிழ்நீர்க் குழாயின் வாய். உதட்டிலும் கன்னத்திலும் தெரிகிற மஞ்சள் பொட்டுகள் எண்ணெய்ச் சுரப்பிகள். வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். பற்கள் சேரும் மட்டத்தில் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சிலருக்கு மேல் அண்ணத்தின் நடுவிலோ கீழ்த்தாடையின் உட்புறத்திலோ எலும்பு மேடு இருக்கும். டான்சில் குழிகளில் வெள்ளைக் கட்டி சேர்ந்து நாற்றமடிக்கும். இவை ஒவ்வொன்றையும் நான் ஒவ்வொரு இரவில் புற்றுநோய் என்று நினைத்திருக்கிறேன்.

கழுத்திலும் இதே கதைதான். தாடைக்குக் கீழே இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பி கையில் தட்டுப்படும். தொண்டை எலும்பின் முனை கெட்டியாக இருக்கும். அழுத்தி அழுத்திப் பார்த்ததில் அந்த இடமெல்லாம் வலிக்க ஆரம்பித்தது. நாக்கை இழுத்து இழுத்து, அதன் அடியில் உள்ள சதை மடிப்பு கீழ்ப்பல்லில் உரசிப் புண்ணானது. அந்தப் புண் புது அறிகுறியானது. பதற்றம் கூடினால் தொண்டையில் உருண்டை அடைத்த மாதிரி இருக்கும், வாய் வறளும். இரண்டும் பதற்றத்தால் வருபவை என்று தெரியாமல் அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியில் வாய் நோய்களுக்கான சிறப்புப் பல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் பரிசோதித்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாக்கைத் துணிப்பஞ்சால் பிடித்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினார். அடியில் கெட்டித்தன்மை இருக்கிறதா என்பதுதான் அதில் முக்கியம் என்று பிறகு சொன்னார். நாக்கின் அடி, கன்னம், அண்ணம், கழுத்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து நாக்கின் இரண்டு ஓரங்களையும் காட்டினார்.

"இந்தப் பக்கம் இருக்கிற மடிப்பு அந்தப் பக்கமும் இருக்கு, பாருங்க சார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா அது பெரும்பாலும் உங்க உடம்போட அமைப்புதான். புண்ணு மட்டும்தான் ஒரு பக்கம். அதுக்குக் காரணம் அந்தப் பல்லு. உடைஞ்சு ஓரம் கூரா நிக்குது. ராவி விடறேன். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் ஆறலைன்னா துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பிடலாம்."

மருத்துவ நடைமுறையே இதுதான். காரணம் தெரிந்தால் அதை நீக்குவது, இரண்டு வாரம் பொறுப்பது, ஆறாவிட்டால் சதை எடுத்துச் சோதிப்பது. பயாப்சி எடுத்தால் நோய் பரவிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பித் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. எனக்கு அது தேவைப்படவில்லை. பல்லை ராவியதும் புண் ஆறிப்போனது.

நிம்மதி சில நாள்தான் நீடித்தது. புகையிலை தொடாதவர்களுக்கும் எச்.பி.வி. என்ற வைரஸால் தொண்டையில் புற்றுநோய் வரும் என்று எங்கோ வாசித்தேன். டான்சில் குழிகளிலும் நாக்கின் வேர்ப்பகுதியான அடிநாக்கிலும் ஒளிந்திருக்கும், வெளியே தெரியாது, வாய்வழி உறவில் தொற்றும், தொற்றி எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நோயாக வரும். புண்ணாவது ஆறியதைக் கண்ணால் பார்த்தேன். இதைப் பார்க்கவே முடியாது. திருமணத்துக்கு முன்பு எனக்கு ஓர் உறவு இருந்தது. அதைச் சுற்றியே பயம் முழுவதும் கட்டிக்கொண்டது. டாக்டரிடம் கேட்கக் கூச்சம், மனைவியிடம் சொல்லப் பயம். புற்றுநோய் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துவிட்டால் ராத்திரிகள் மிகவும் நீளம்.

எச்.பி.வி. பற்றிப் பின்னர் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு; பலவும் மரு உண்டாக்குவதோடு சரி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸே காரணம் என்று கண்டறிந்ததற்காக ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். தொண்டைப் புற்றுநோயில் பெரும்பங்கு வகிப்பது 16-ஆம் வகை. அதுவும் முக்கியமாக டான்சிலையும் அடிநாக்கையும்தான் தாக்குகிறது. வாயின் முன்பகுதியில், அதாவது நாக்கின் ஓரத்திலும் கன்னத்திலும் வரும் புற்றுநோய்களுக்குப் புகையிலையும் பாக்கும் மதுவுமே முக்கியக் காரணங்கள். பாக்கு மட்டும்தானே, புகையிலை இல்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தனிப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் என்றாவது ஒரு நாள் ஏதோ ஒரு வகை எச்.பி.வி. தொற்றுகிறது. பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதைத் துரத்திவிடுகிறது. அமெரிக்காவில் 14 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் நடத்தி 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 7 சதவீதத்தினர் வாயில் ஏதோ ஒரு வகை எச்.பி.வி. இருந்தது, 16-ஆம் வகை இருந்தது சுமார் 1 சதவீதத்தினரிடம்தான். அந்த 1 சதவீதத்திலும் புற்றுநோய் வரை போகிறவர்கள் மிகச் சிலர். வந்தாலும், எச்.பி.வி. சார்ந்த தொண்டைப் புற்றுநோய், புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது.

இதையெல்லாம் வாசித்த பிறகும் "ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டால் தேவலை" என்று மனம் அரித்தது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். மூத்தவர். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு அடிநாக்கையும் டான்சிலையும் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். தயங்கித் தயங்கி எச்.பி.வி. டெஸ்ட் பற்றிக் கேட்டேன். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பதில் சொன்னார். அந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"நோய் அறிகுறி இல்லாதவங்களுக்கு வாயில எச்.பி.வி. இருக்கான்னு பார்க்க அங்கீகரிச்ச டெஸ்ட் எதுவும் இல்ல தம்பி. சரி, எடுத்தோம்னே வச்சுக்குவோம். பாசிட்டிவ்னு வந்தா நான் உங்களுக்குக் கொடுக்க மருந்து கிடையாது. பெரும்பாலும் அதுவே போயிடும். நெகட்டிவ்னு வந்தா நாளைக்கு நிம்மதியா இருப்பீங்களா, இல்ல டெஸ்ட் தப்பா இருக்குமோன்னு யோசிப்பீங்களா?"

தப்பாக இருக்குமோ என்றுதான் யோசிப்பேன். அவர் கேட்ட கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரே ஓர் உளவியல் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

நோய் பயத்தை ஒரு பிரச்சினையாகவே பலர் மதிப்பதில்லை. "சும்மா மனப்பிரமை, விடு" என்பார்கள். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டோமா? அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டுக் கையேட்டில் பழைய ஹைப்போகாண்ட்ரியா என்ற பெயரை நீக்கி, இதை நோய்ப் பதற்றக் கோளாறு என்று தனியாகவே வரையறுத்திருக்கிறார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலன் தருவது ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது.

ஆலோசகர் முதலில் புரியவைத்தது இந்தச் சுழற்சியைத்தான். பயம் வருகிறது, பார்க்கிறேன், தேடுகிறேன், யாரிடமாவது கேட்கிறேன், கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியே மூளைக்கு "பார்த்ததால்தான் தப்பித்தோம்" என்று கற்றுக்கொடுக்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கத் தோன்றும். சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போலத்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தது நூற்றுக்கு நூறு உத்தரவாதம். அதை எந்த டாக்டராலும் எந்த மனிதனுக்கும் தர முடியாது. அது இல்லாமலேயே சாப்பிட, தூங்க, வேலை பார்க்கப் பழகுவதுதான் சிகிச்சை.

அவர் செய்யச் சொன்ன முதல் காரியம் போனிலுள்ள நாக்குப் படங்களை அழிப்பது. ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கிறேன் என்றேன். "பார்க்காம, மொத்தமா செலக்ட் பண்ணுங்க" என்றார். அவர் எதிரிலேயே செய்தேன். கை வியர்த்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இனி எதுவும் இல்லையே என்று அன்று மாலை வரை படபடப்பாக இருந்தது. மறுநாள் அந்தப் படபடப்பு பாதியாகியிருந்தது. நான் ஒன்றும் செய்யாமலேயே குறைந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அடுத்தது, பார்ப்பதைத் தள்ளிப்போடுவது. "பார்க்கவே கூடாது" என்று உறுதி எடுத்தால் ஒரு நாளில் உடைந்துவிடும். "பார்க்கலாம், ஆனால் 20 நிமிடம் கழித்து" என்றால் முடிகிறது. 20 நிமிடம் கழித்து அந்த வேகம் தானாகவே தணிந்திருக்கும். பிறகு ஒரு மணி நேரம், பிறகு மாலை வரை. இப்போது மாதத்துக்கு ஒரு முறை, பல் துலக்கியதும், நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்ப்பதோடு சரி. நாக்கை இழுப்பதில்லை, படம் எடுப்பதில்லை, கழுத்தை அழுத்துவதில்லை. எந்நேரமும் நாக்கு நுனியால் பல்லைத் துழாவிக்கொண்டிருப்பதும் ஒரு வகைச் சோதனைதான் என்று ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்தது. நிறுத்த மிகவும் கஷ்டப்பட்டது அதைத்தான்.

இணையத்தில் தேடுவதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம். கேள்வி தோன்றினால் அதில் எழுதி வைப்பது, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்பது. அந்த நாள் வரும்போது பாதிக் கேள்விகளைக் கேட்கவே தோன்றாது.

தினமும் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கவும் சொன்னார். "எனக்கு என்றாவது புற்றுநோய் வரலாம், வராமலும் போகலாம், இன்று எனக்கு அது தெரியாது." முதல் தடவை குரல் அடைத்துக்கொண்டது. மனத்துக்குள் ஓடவிட்டால் பூதாகரமாக இருக்கிற நினைப்பு, சொல்லிச் சொல்லிப் பழகினால் சலித்துப்போகிறது. சலிப்பு வரும்வரை விடாமல் படிக்க வேண்டும்.

மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார். சிலருக்கு ஆலோசனை மட்டுமே போதும். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இந்த வகை மாத்திரையில் வாய் வறட்சி வரக்கூடும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வறட்சியையே நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருப்பேன். நீங்களும் பக்கவிளைவுகளை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டில் என் மனைவிதான் எனக்கு நிரந்தர டாக்டராக இருந்தார். "கொஞ்சம் பாரேன், இங்க சிவந்திருக்கா?" என்று எந்நேரமும் கேட்பேன். அவரும் பொறுமையாகப் பார்த்து "ஒண்ணுமில்லைங்க" என்பார். அந்த அன்பான பதிலும் சுழற்சியின் ஒரு பாகம் என்று ஆலோசகர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். அன்று முதல் வேறு மாதிரி பேசி வைத்துக்கொண்டோம். நான் கேட்டால் அவர் சொல்வது: "இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்னு பேசி வச்சிருக்கோம்ல. பயமா இருக்கா? வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்." முதல் வாரத்தில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு கேட்பதே குறைந்தது. நோய் பயத்தில் இருப்பவரோடு வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: அறிகுறியைப் பற்றிய கேள்விக்குப் பதில் வேண்டாம், பயத்துக்குத் துணையாக இருங்கள். ஆனால் அவரைக் கலந்து பேசி ஒப்புக்கொண்ட பிறகே இதைச் செய்யுங்கள். திடீரென்று முகம் திருப்பினால் காயப்படுத்திவிடும்.

பழைய உறவைப் பற்றியும் மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கும் வந்திருக்குமா?" என்று கேட்டார். அவருடைய பயத்தை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. பெண்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. கருப்பைவாய்க்கு எச்.பி.வி. சோதனையும், அங்குள்ள செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் உண்டு. புற்றுநோயாக மாறும் முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். பொதுவாக 30 வயதிலிருந்து எச்.பி.வி. சோதனையைக் குறிப்பிட்ட இடைவெளியில் செய்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவர் செய்துகொண்டார், எல்லாம் இயல்பு. எச்.பி.வி. தெரியவந்தாலும் அது யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது. பல வருடங்கள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. ஆகவே இதை வைத்துத் துணையைச் சந்தேகிப்பதில் நியாயமில்லை.

பயத்தைக் கையாளப் பழகுவது என்றால் உடம்பை அலட்சியம் செய்வது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் வலியில்லாமல் தங்கிவிட்ட கட்டி, ஒரு பக்கமாக மட்டும் நீடிக்கும் தொண்டை வலி அல்லது காது வலி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, வாரக்கணக்கில் மாறாத கரகரப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். எச்.பி.வி. சார்ந்த தொண்டைப் புற்றுநோயில் பலருக்கு முதலில் தெரிவது வலியில்லாத கழுத்துக் கட்டிதான். போகும்போது "எனக்கு நோய் பயம் அதிகம் டாக்டர்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நல்ல டாக்டர் அதற்காக உங்களை இளக்காரமாக நினைக்க மாட்டார். என்ன பார்த்தார், ஏன் சரி என்கிறார் என்று விளக்கிச் சொல்வார். ஒருவர் நன்றாகப் பார்த்துச் சரி என்ற பிறகு, அதே அறிகுறிக்காக மூன்றாவது நான்காவது டாக்டரைத் தேடி ஓட வேண்டாம். அவரிடமே மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டு அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயம் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. அண்மையில் சளிக் காய்ச்சலில் கழுத்தில் ஒரு நெறி கட்டியது. பழைய படபடப்பு அப்படியே வந்தது. காலண்டரில் இரண்டு வாரம் தள்ளி ஒரு குறி போட்டேன், அதுவரை தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். நடுவில் ஓரிரு முறை கை போய்விட்டது. கையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். குறி போட்ட நாளில் தொட்டுப் பார்த்தபோது நெறி இல்லை.

எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் விசாரித்தேன். 2006 முதல் புழக்கத்தில் இருக்கிறது. புதிதாகத் தொற்றுவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணமாக்காது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குப் பயன் குறைவு. 45 வயது வரை டாக்டரிடம் கலந்து பேசிப் போட்டுக்கொள்ளலாம். பல நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். எங்கள் மகளுக்குப் போட்டாயிற்று. மகனுக்கு ஒன்பது வயது முடிந்ததும் போட டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.